ரோமானியத் தலைக்கவசங்களுக்கு ஒரு படப் பட்டியல்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரைன்கரைவாசி:

வணக்கம். ஜெர்மனியில் ரைன் ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்றில் இருக்கிறேன். ரோமானியப் படை சுமார் நானூறு வருடம் இந்த ஆற்றைத்தான் எல்லையாக வைத்துக் காவல் காத்தது, அதனால் பக்கத்தில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஒரு தலைக்கவசமாவது கண்ணில் படுகிறது. மைன்ஸ், ஸாந்தென், எல்லை தாண்டினால் நெதர்லாந்தின் நைமேகன், லெய்டன் என்று போகிற இடத்திலெல்லாம் படம் எடுத்து எடுத்து இப்போது கணினியில் ஒரு பெரிய குவியல் சேர்ந்துவிட்டது. இதை ஒழுங்குபடுத்தி, இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கிற ரோமானியத் தலைக்கவசங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு படப் பட்டியல் செய்யலாமே என்று ஆசை. ரஸ்ஸல் ராபின்சன் 1975-இல் போட்ட ரோமானியக் கவசப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, அருமையான வேலை, ஆனால் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அதற்குப் பிறகு கிடைத்தவையும் ஏராளம்.

என் குழப்பங்கள்: எதையெல்லாம் சேர்ப்பது, எதை விடுவது? வகைப் பெயர் ராபின்சன் சொன்னதா, ஜெர்மானியர்கள் சொல்வதா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை உருப்படியாகப் படம் எடுக்க முடியுமா? ஏல நிறுவனங்களின் பக்கங்களில் நல்ல நல்ல படங்கள் கிடக்கின்றனவே, அவற்றை எடுத்துக்கொள்ளலாமா? இதில் கை வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழம்பொருள்_பித்தன்:

நல்ல காரியம், கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் படத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள், பொருளை வைத்து ஆரம்பியுங்கள். ஒரு தலைக்கவசத்துக்கு ஒரு பதிவு, அந்தப் பதிவுக்கு அருங்காட்சியகத்தின் பதிவேட்டு எண்தான் ஆதாரம், படங்கள் அதன் கீழே தொங்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, ஒரே கவசம் மூன்று பெயரில் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கும். "நைமேகன் தலைக்கவசம்" என்று எழுதினால் எது? 1915-இல் வால் ஆற்றிலிருந்து எடுத்த அந்த முகமூடிக் கவசமா, அதே ஊரின் காப்ஸ் மேட்டில் அகழ்ந்ததில் கிடைத்தவற்றில் ஒன்றா? ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் கதை கந்தல்.

இதைவிடப் பெரிய தலைவலி நகல்கள். மைன்ஸில் 1852-இல் தொடங்கிய ரோமானிய ஜெர்மானிய மத்திய அருங்காட்சியகம் (2023 முதல் பெயர் லைட்ஸா) பல நாடுகளின் பழம்பொருட்களுக்கு நகல் செய்து சேர்ப்பதையே ஒரு முக்கிய வேலையாக வைத்திருந்தது. அவ்வளவு நேர்த்தியான நகல்கள், பக்கத்தில் நின்று பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது. ஊர் ஊராகச் சின்ன அருங்காட்சியகங்களில் நீங்கள் பார்ப்பதிலும் சில நகல்தான், அசல் வேறொரு நகரத்தில் இருக்கும். விளக்கப் பலகையின் மூலையில் "கோப்பி" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆகவே எங்கே போனாலும் முதலில் பலகையைப் படம் எடுங்கள், அப்புறம் கவசத்தை. எடுத்த படங்களைத் திரையில் வரிசையாக ஓட்டும்போது எந்தப் படம் எந்தப் பொருளுடையது என்ற சந்தேகமே வராது.

வகைப் பெயர் விஷயத்தில் சண்டையே வேண்டாம், இரண்டையும் போடுங்கள். ராபின்சன் "இம்பீரியல் காலிக்", "இம்பீரியல் இட்டாலிக்" என்று பிரித்து எழுத்துப் போட்டு அடுக்கியதெல்லாம் ஜெர்மானியர்களுக்கு மொத்தமாக "வைசெனாவ்", அது மைன்ஸை ஒட்டிய ஒரு பகுதியின் பெயர். ஆங்கிலேயர் "கூலூஸ்" என்று சொல்வதில் பெரும்பகுதி இவர்களுக்கு "ஹகெனாவ்". பழைய கூம்பு வகைக்கு மட்டும் இரண்டு தரப்பும் "மான்டெஃபோர்ட்டினோ" என்றே சொல்கிறார்கள். ராபின்சனின் எழுத்து வரிசை படிக்கச் சுகமாக இருக்கும், ஏ-க்குப் பிறகு பி, பி-க்குப் பிறகு சி என்று ஏதோ தொழிற்சாலையில் வருடா வருடம் புது மாடல் விட்ட மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடும். அப்படி இல்லை. சில எழுத்துகள் ஒரே ஒரு கவசத்தை வைத்து உருவானவை. நீடர்பீபர் வகையை அவர் துணைப்படைக் குதிரை வீரர்களுடையது என்று வைத்தார், காலாட்படையும் அதை அணிந்திருக்கலாம் என்று பிறகு வந்தவர்கள் வாதிட்டார்கள். அதனால் வகை என்பது ஒருவருடைய கருத்து, யார் சொன்னது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். கிடைத்த இடம், உலோகம், அளவு, இப்போது இருக்கும் இடம், இவைதான் தகவல்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். இத்தாலியின் பொம்பெயி நகரத்தில் 1766-67 வாக்கில் கிளாடியேட்டர்கள், அதாவது அரங்கில் சண்டை போடுகிறவர்கள், இருந்த குடியிருப்பில் கிடைத்தவற்றை (பெரும்பாலானவை நேப்பிள்ஸில் உள்ளன) நான் தனி அட்டவணையில்தான் வைப்பேன். அவை படைக்கலன் அல்ல, அரங்கத்துக்கானவை, அவற்றின் எடையும் விளிம்பும் வேறு. பிற்காலத்து முகட்டு வகை, அதாவது தலையை மூடும் கிண்ணத்தை இரண்டு பாதியாகச் செய்து நடுவில் ஒரு பட்டையால் இணைத்தவை, கட்டாயம் சேருங்கள். ஹங்கேரியின் இன்டர்சீசா, செர்பியாவின் பெர்காசோவோ, நெதர்லாந்தின் டெர்னே எல்லாம் அதில் வரும். ஐந்து, ஆறாம் நூற்றாண்டின் பால்டன்ஹைம் வகையில் நிறுத்திவிடுங்கள், அது ரோமானியமா, கிழக்கு ரோமானியமா, ஜெர்மானியப் பிரபுக்களுடையதா என்று போனால் கரை ஏற முடியாது.

லென்ஸ்_லிங்கம்:

படம் எடுக்கிற பகுதிக்கு மட்டும் நான் வருகிறேன், வரலாறு மேலே சொன்னவரிடம்.

இணையத்தில் இருக்கிற ரோமானியத் தலைக்கவசப் படங்களைப் பாருங்கள், பத்தில் ஒன்பது முன்பக்கம் முக்கால் கோணத்தில் எடுத்தவை. அழகாக இருக்கும், ஆராய்ச்சிக்குப் பாதிதான் உதவும். இந்தக் கவசங்களில் சங்கதி முழுக்கப் பின்னால் இருக்கிறது. கழுத்துக்காப்பின் அகலம், அது எந்தக் கோணத்தில் இறங்குகிறது, அடியில் வளையம் மாட்டிய தடம், கிண்ணத்தின் பின்புறம் தட்டி எழுப்பிய வரிகள், இதையெல்லாம் வைத்துத்தான் வகையே பிரிக்கிறார்கள். எனவே முன், பின், இடம், வலம், மேல், உள்பக்கம் ஆறும் வேண்டும். மேலிருந்து எடுக்க முடியாத பெட்டியாக இருந்தால் எடுக்க முடியவில்லை என்று பதிவில் குறித்துவிடுங்கள், காலியாக விடாதீர்கள். உள்பக்கத்துக்குப் பல பெட்டிகளில் கீழே கண்ணாடி வைத்திருப்பார்கள், அந்தப் பிம்பத்தை எடுத்தால்கூடப் போதும், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

பெயர்ப் பொறிப்பு இருந்தால் விடவே கூடாது. லண்டனில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற ஒரு கூலூஸ் வகைக் கவசத்தின் கழுத்துக்காப்பில் நான்கு பேருடைய பெயர்கள் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருக்கின்றன. ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்டி நான்கு பேர் கைமாறிய சாமான். நேர் வெளிச்சத்தில் எடுத்தால் அந்தப் புள்ளிகள் மொத்தமாக மறைந்துவிடும், வெளிச்சம் பக்கவாட்டில் படுத்து வர வேண்டும். டார்ச் அடிக்க விடமாட்டார்கள். கூரை விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து நீங்கள் நகர வேண்டும், கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் சாய்ந்து, எழுத்து தெரிகிற கோணம் ஒன்று மாட்டும். அனுமதி வாங்கி அவர்களுடைய அறையில் எடுக்கிற வாய்ப்புக் கிடைத்தால் கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி வைத்துப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற முறை இருக்கிறது, ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங், சுருக்கமாக ஆர்டிஐ என்பார்கள், பொறிப்புக்கு அதை மிஞ்சியது இல்லை.

கண்ணாடி பற்றி: கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், பாதி பிரதிபலிப்பு உங்கள் சட்டைதான். லென்ஸ் முன்னால் மாட்டுகிற ரப்பர் ஹூட் ஒன்று வாங்கிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் மீதிப் பாதியும் போகும் (காவலரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், சில இடத்தில் அலாரம் கத்தும்). போலரைசர் கண்ணாடியின் பளபளப்பைச் சாய்வான கோணத்தில்தான் குறைக்கும், நேராக நின்றால் பிரயோஜனம் இல்லை. போனின் அகலக் கோண லென்ஸில் கிட்ட போய் எடுத்தால் நெற்றிப்பட்டை பெரிதாகவும் கழுத்துக்காப்பு சின்னதாகவும் தெரியும், வகை பிரிக்கிறவரை அது நேராகத் தப்பான முடிவுக்குக் கொண்டு போகும். முழு ஃபிரேம் கேமராவில் 85 முதல் 100 மில்லிமீட்டர் வரை, முடிந்த அளவு தள்ளி நின்று எடுங்கள். எல்லாக் கவசத்துக்கும் ஒரே குவியத்தூரம் வைத்தால் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

முப்பரிமாண மாதிரி செய்கிற ஆசை வந்தால் மெருகேற்றிய வெண்கலத்தில் ஆரம்பிக்காதீர்கள், மென்பொருள் பளபளப்பைப் பார்த்துக் குழம்பி ஓட்டையும் மேடுமாகப் போட்டுத் தரும். துருப்பிடித்த இரும்பு அருமையாக வரும்.

கேப்பை_வக்கீல்:

உரிமை விவகாரம் கொஞ்சம் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியில் 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசு அருங்காட்சியகங்களில் ஃபிளாஷ், முக்காலி இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் தாராளமாக எடுக்கலாம், ஆனால் வியாபாரத்துக்கு என்றால் அனுமதியும் கட்டணமும் வரும், நீங்கள் எடுத்த படமாகவே இருந்தாலும். பிரிட்டிஷ் மியூசியம் இணையத்தில் போட்டிருக்கும் படங்களை வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறது. நாளைக்குப் பட்டியலை அச்சுப் போட்டு விற்கலாம் என்ற நினைப்பு இருந்தால் அந்தப் படங்களைத் தொடாதீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் பதிப்புரிமை தீர்ந்த பொருட்களின் படங்களைக் கட்டுப்பாடு ஏதும் இல்லாமல் திறந்துவிட்டது, அது நிம்மதி.

ஜெர்மனியில் பதிப்புரிமையைவிட "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்று வாசலில் போட்டிருக்கிற விதிதான் முக்கியம். மன்ஹைம் அருங்காட்சியகம் ஒன்று தொடுத்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பார்வையாளர் அந்த விதியை ஏற்றுத்தான் உள்ளே வருகிறார் என்ற ஒப்பந்த நோக்கிலேயே தீர்ப்புச் சொன்னது. எனவே பலகையைப் படித்துவிட்டு எடுங்கள், அனுமதித்தார்கள் என்றால் அந்த நாளின் விதியையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காப்பாளர்களுக்கு மின்னஞ்சல் போடத் தயங்காதீர்கள். "எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பதில் வராது. பதிவேட்டு எண் போட்டு, இந்தக் கவசத்தின் உள்பக்கப் படம் இருக்கிறதா என்று கேட்டால் பல நேரம் அவர்களிடம் இருக்கிற பழைய படத்தையே அனுப்பிவிடுவார்கள். இதில் வேலை செய்கிறவர்களுக்கு உருப்படியான கேள்வி வருவது அபூர்வம்.

செம்பட்டறை:

ஏலப் படங்கள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. என் கருத்து, கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும், இன்றைக்கே சேர்க்க வேண்டும். பெர்லினில் ஆக்செல் குட்மன் என்று ஒருவர் பழங்காலப் படைக்கலன்களை மலை மாதிரி குவித்து வைத்திருந்தார். 2001-இல் இறந்தார், அடுத்த சில வருடங்களில் தொகுப்பு ஏலம் ஏலமாகச் சிதறியது. அதில் ஒரு பகுதி பிரான்சின் மூஜான் ஊரில் 2011-இல் திறந்த தனியார் அருங்காட்சியகத்துக்குப் போனது, அப்பாடா மக்கள் பார்வைக்கு வந்ததே என்று இருந்தோம். 2023-இல் அதுவும் மூடப்பட்டு, தொகுப்பு மறுபடி கிறிஸ்டீஸில் ஏலத்துக்கு வந்தது, கட்டடம் இப்போது பெண் கலைஞர்களின் அருங்காட்சியகம். அந்தக் கவசங்களில் பல இனி யார் வீட்டு வரவேற்பறையில் என்று தெரியாது. ஏலப் பட்டியலில் வந்த படம்தான் கடைசிச் சாட்சி. அதை நாம் எடுத்து வைக்காவிட்டால் யார் எடுப்பார்?

பழம்பொருள்_பித்தன்:

செம்பட்டறை ஐயா, சாட்சி என்பது சரி, எதற்குச் சாட்சி என்பதுதான் கேள்வி. சந்தையில் வருகிற கவசங்களில் கிடைத்த இடம் எழுதியிருக்காது, அல்லது "பழைய ஐரோப்பியத் தொகுப்பு" என்று இருக்கும். ஒன்றின் கிண்ணம், இன்னொன்றின் கன்னக்காப்பு, மூன்றாவதின் உச்சிக் குமிழ் சேர்த்து ஒட்டி "முழுமையானது" என்று விற்றவையும் உண்டு, முழுப் போலிகளும் உண்டு. இவற்றை ஹீப்ரோனில் கிடைத்து ஜெருசலேமில் இருக்கிற, உச்சியில் குறுக்குப்பட்டை போட்ட கவசத்துக்குப் பக்கத்தில் அதே வரிசையில் வைத்தால் பட்டியலின் புள்ளிவிவரம் கெட்டுப்போகும். நாளைக்கு ஒருவர் "இத்தனையில் இத்தனை வெண்கலம்" என்று எண்ணும்போது போலியும் சேர்ந்து எண்ணப்படும். அதோடு, நாம் பட்டியலில் சேர்த்ததையே அடுத்த ஏலத்தில் சான்றிதழாகக் காட்டுவார்கள். இது நடக்காத விஷயம் இல்லை.

கிராஸ்பி காரெட் கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 மே மாதம் இங்கிலாந்தின் கம்பிரியாவில் உலோகங்காணி வைத்துத் தேடியவர் கண்டெடுத்தது, துண்டு துண்டாக. விற்பனைக்கு முன்பே ஒட்டிச் சீராக்கி, அக்டோபரில் ஏறத்தாழ 23 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. தனித்த வெண்கலப் பொருள் என்பதால் அன்றைய புதையல் சட்டத்துக்குள் வரவில்லை, கார்லைல் அருங்காட்சியகம் பணம் திரட்டிப் போட்டி போட்டும் கிடைக்கவில்லை. நமக்குப் பழக்கமான அந்த முழு முகப் படம் சீரமைப்புக்குப் பிறகு எடுத்தது. சீரமைக்கும் முன் ஆற அமர ஆராய்ந்திருந்தால் இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும். இதற்கு இடம் தெரியும், அதனால் சேர்க்கலாம், ஆனால் "சீரமைக்கப்பட்டது, தனியார் வசம்" என்ற குறிப்போடு.

செம்பட்டறை:

குறிப்போடு சேர்க்கச் சொல்லித்தானே நானும் சொல்கிறேன். தனி அட்டவணை போடுங்கள், சாம்பல் பின்னணி வையுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தூக்கி எறியாதீர்கள். போலி என்று பிறகு தெரிந்தாலும் அந்தப் படம் பயன்படும், அதே பட்டறையின் அடுத்த போலியைப் பிடிக்க.

பழம்பொருள்_பித்தன்:

தனி அட்டவணை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழம்பொருள் கள்ளக்கடத்தலைத் தடுக்க வந்த 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே அச்சில் வந்ததா என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறைய சந்தேகம் அங்கேயே வடிகட்டப்படும்.

ரைன்கரைவாசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. முதலில் ரைன், வால் ஆறுகளை ஒட்டிய அருங்காட்சியகங்களை மட்டும் முடிக்கப் போகிறேன், மற்ற நாடுகள் அப்புறம். சந்தைக்கு வந்தவை தனி அட்டவணையில். என்னுடைய படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிட்டுப் பதிவேட்டு எண்ணை விளக்கத்தில் போடலாம் என்று இருக்கிறேன், என் கணினி போனாலும் படம் போகாது.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. தனியாகக் கிடைத்த கன்னக்காப்புகள், முகமூடி மட்டும் கிடைத்தவை, இவற்றையெல்லாம் ஒரு "தலைக்கவசம்" என்று கணக்கில் எடுப்பதா?

பழம்பொருள்_பித்தன்:

பதிவு கொடுங்கள், ஆனால் "துண்டு" என்று வகைப்படுத்துங்கள். கால்கிரீஸெவில் 1990 வாக்கில் கிடைத்த முகமூடிக்குக் கிண்ணமே கிடையாது, அதன் மேலிருந்த வெள்ளித் தகட்டை யாரோ பிய்த்துக்கொண்டு இரும்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு என்ன பட்டியல்? ஸ்ட்ராவ்பிங் புதையலிலும் முகமூடிகள்தான் வரிசையாக இருக்கின்றன. லெய்டனில் நீங்கள் பார்த்த டெர்னே கவசமும் கறாராகச் சொன்னால் உறை மட்டும்தான், பொன்முலாம் பூசிய வெள்ளி தப்பித்தது, உள்ளே இருந்த இரும்பு போய்விட்டது.

எண்ணிக்கையில்தான் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் ஹாலட்டனில் ஒரே கவசத்தோடு பல கன்னக்காப்புகள் கிடைத்தன, ஒரு தலைக்கு இரண்டு என்று வகுத்தால் கணக்கு உதைக்கும். மண்ணோடு கட்டியாக வெட்டி எடுத்து, பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வகத்தில் வருடக்கணக்காகப் பிரித்துச் சேர்த்து 2012-இல்தான் காட்சிக்கு வைத்தார்கள். அதற்கு 2024-இல் இரண்டு நகல்களும் வந்துவிட்டன, படம் தேடும்போது கலந்துவிடாமல் பாருங்கள், பளபளவென்று இருப்பதெல்லாம் நகல்.

இன்னொரு சாய்வும் இருக்கிறது, முன்னுரையில் எழுதிவிடுங்கள். ஆற்றுப் படுகையில் சரளைக்கல் தோண்டும்போது வெண்கலமும் பித்தளையும் நல்ல நிலையில் வரும், நிலத்தில் புதைந்த இரும்பு வெறும் துருக்கட்டியாகிவிடும், அதைத் தலைக்கவசம் என்று அடையாளம் காணவே எக்ஸ்ரே வேண்டும். ஆகவே உங்கள் ரைன் பகுதிப் பட்டியலில் செப்புக் கலவை மிகுந்து தெரிந்தால் படைவீரர்கள் அதையே அதிகம் அணிந்தார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கிடைத்த இடம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரோடு ஆறா, சதுப்பா, கல்லறையா, முகாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

லென்ஸ்_லிங்கம்:

கன்னக்காப்புக்கு உள்பக்கமும் எடுங்கள், கீல் இருந்த இடம், கயிறு கட்டிய வளையத்தின் ஆணி எல்லாம் அங்கேதான். அளவுகோல் பெட்டிக்குள் வைக்க முடியாது என்பதால் விளக்கப் பலகையில் அளவு இல்லாவிட்டால் அந்த மின்னஞ்சலிலேயே அகலத்தையும் உயரத்தையும் கேட்டுவிடுங்கள்.

ரைன்கரைவாசி:

சரி. மாதிரிப் பதிவு ஒன்றை இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன், மைன்ஸ் கவசம் ஒன்று. கட்டங்களில் எது குறைகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம்தான் மற்றதை நிரப்ப ஆரம்பிப்பேன்.